ஊரா, காலனியா?

தமிழ்நாட்டில் ஒருத்தருடைய சாதியைக் கண்டுபிடிக்கச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. ரெண்டு கேள்வி போதும். ‘எந்த ஊரு நீங்க?’ என்பது முதல் கேள்வி. ‘ஊர்லயா, காலனியிலயா?’ என்பது ரெண்டாவது. முதல் கேள்வி எல்லாருக்கும் பொது. ரெண்டாவது கேள்வியை நமக்கென்றே செய்து வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் கேட்பார். வேலையில் சேர்ந்த முதல் நாள் மத்தியானம், சோத்து டப்பாவைத் திறக்கும்போது கூட வேலை செய்கிறவர் கேட்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்பார்கள். யாரும் கோபமாகக் கேட்பதில்லை, சிரித்த முகத்தோடுதான் கேட்பார்கள். ‘காலனிதாங்க’ என்று சொன்னதும் ‘ஓ, அப்படியா’ என்று ஒரு சத்தம் வரும். அந்த ‘அப்படியா’வுக்கு முன்னால் ஒரு பேச்சு, பின்னால் ஒரு பேச்சு. ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிடும். இல்லையென்றால் பேச்சே நின்றுவிடும். வட மாவட்டத்துக் காலனியில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் அது மாறிவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகள், குளங்கள் இவற்றின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கு ஆணையும் வந்தது. பூக்களின் பெயர், புலவர்களின் பெயர், தலைவர்களின் பெயர் என்று மாற்றுப் பெயர்களுக்கு யோசனையும் சொன்னார்கள்.

நம் தோழர்கள் சிலர் இதை வெறும் கண்துடைப்பு என்று ஒரேயடியாகத் தள்ளுகிறார்கள். நான் அப்படித் தள்ளமாட்டேன். நான் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். முகவரி எழுதச் சொன்னால் வீட்டு எண்ணையும் ஊர்ப் பெயரையும் எழுதிவிட்டு நடுவில் இருக்கிற ‘காலனி’யை விழுங்கிவிடுகிற பிள்ளைகளை வருசா வருசம் பார்க்கிறேன். பன்னிரண்டு வயசுப் பொண்ணு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் பார்த்துவிடுவாளோ என்று கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறாள். அந்தச் சொல் ரேஷன் கார்டிலிருந்து போனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு சுமை குறையும். அது சின்ன விசயமில்லை. ஆனால் சொல் போனதும் சங்கதியும் போய்விட்டது என்று யாராவது மாலை போட்டுக்கொள்ள வந்தால், அங்கேதான் நமக்குப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. ‘காலனி’ கெட்ட வார்த்தையா? ரயில்வே காலனி இருக்கிறது. பேங்க் காலனி இருக்கிறது. ஹவுசிங் போர்டு காலனி இருக்கிறது. அங்கே வீடு வாங்கக் கடன் வாங்கிக்கொண்டு அலைகிறார்கள். அந்தக் காலனிக்காரர்களைப் பார்த்து ‘காலனிப் பசங்க’ என்று எவனும் திட்டுவதில்லை. ஆக, சொல்லில் அழுக்கில்லை. நாங்கள் குடியிருப்பதால்தான் அது அவர்களுக்கு அழுக்காகத் தெரிகிறது. நாளைக்கே எங்கள் தெருவுக்கு ‘ராஜவீதி’ என்று பெயர் வைத்தாலும், இருபது வருசத்தில் ‘டேய், ராஜவீதிக்காரனா நீ?’ என்று திட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

‘சேரி’க்கு இதுதான் நடந்தது. சேர்ந்து வாழ்கிற இடம் சேரி. புதுச்சேரி, வேளச்சேரி என்று எத்தனையோ ஊர்ப் பெயர்களில் அது இன்றைக்கும் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. பழந்தமிழில் பார்ப்பனச்சேரி கூட உண்டு. முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் வருகிறது, ‘தீண்டாச்சேரி’ என்றே ஒன்றும் வருகிறது. ஆயிரம் வருசத்துக்கு முன்னால் நிலத்தை அளந்து எழுதியபோதே ஊர்நத்தம் வேறு, சேரி வேறு என்று பிரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். பிறகு மற்றச் சேரிகளெல்லாம் நகர், தெரு, அக்ரகாரம் என்று மாறிக்கொண்டன. நம்முடையது மட்டும் சேரியாகவே நின்றது. சேரி அசிங்கமாகிவிட்டது என்று அரசாங்கம் காலனி கட்டிக் கொடுத்தது. இப்போது காலனியும் அசிங்கமாகிவிட்டது.

யார் பெயர் வைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ரெட்டைமலை சீனிவாசன் 1893-இல் பத்திரிகை தொடங்கியபோது, எந்தச் சொல்லை வைத்துத் திட்டினார்களோ அந்தச் சொல்லையே எடுத்து ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். எம்.சி. ராஜா போன்றவர்களின் முயற்சியால் 1922-இல் ‘ஆதிதிராவிடர்’ என்பது அரசு ஆவணங்களில் ஏறியது. இவை நாம் நமக்கு வைத்துக்கொண்ட பெயர்கள். ‘ஹரிஜன்’ மேலேயிருந்து கருணையோடு கொடுக்கப்பட்ட பெயர். அந்தப் பெயரை ஒரு மசோதாவில் ஏற்றியதற்காக 1938-இல் பம்பாய் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கரும் அவருடைய கட்சிக்காரர்களும் வெளிநடப்பு செய்தார்கள். அதற்கு நாற்பது வருசம் கழித்து, 1978-இல், நமக்கு வீட்டுமனை கொடுக்க நிலம் எடுப்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே ‘ஹரிஜன் நலத் திட்டங்கள்’ என்றுதான் இருந்தது. அம்பேத்கர் எழுந்து போனது சென்னைக் கோட்டைக்கு நாற்பது வருசமாகியும் எட்டவில்லை.

அந்தச் சட்டத்தால் நமக்கு மனை கிடைத்தது, மறுக்கவில்லை. மண் சுவரும் பனையோலையும் போய் ஓட்டு வீடும் காரை வீடும் வந்தது. ஆனால் அந்த மனை எங்கே கொடுத்தார்கள்? எங்கள் காலனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் அரை கிலோமீட்டர் வயல். மழை பெய்தால் தண்ணீர் வந்து நிற்கிற தாழ்வான இடம். ஊருக்குள்ளே காலி மனை இல்லாமலா போயிற்று? இருந்தது. ஊர்க்காரர்களின் மனசு கோணாமல், பழைய சேரி எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில், இன்னும் கொஞ்சம் தள்ளி, அளந்து, கல் நட்டு, பட்டா போட்டுக் கொடுத்தார்கள். மனு சொன்னதை அதுவரைக்கும் வழக்கம் என்று வைத்திருந்தார்கள். இப்போது சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து வரைபடமாக்கிவிட்டார். ரேஷன் கடை ஊரில். ஊராட்சி ஆபீஸ் ஊரில். பால் சொசைட்டி ஊரில். தண்ணீர்த் தொட்டி மட்டும் எங்களுக்குத் தனியாக ஒன்று. அதைச் சலுகை என்று சொன்னார்கள்.

அந்தத் தனித் தொட்டியின் அர்த்தம் என்ன என்பது வேங்கைவயலில் தெரிந்தது. 2022 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சின்னக் குடியிருப்பில், தலித் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்த பிறகுதான் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். இரண்டு வருசம் கழித்து, 2025 ஜனவரியில், சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது. அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித்துகளின் பெயர் அதில் இருந்தது. மக்கள் அதை ஏற்கமாட்டோம் என்று உட்கார்ந்து போராடினார்கள். வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். நான் கேட்பது வேறு. ஊரும் சேரியும் ஒரே தொட்டியில் குடித்திருந்தால், எவனுக்காவது அதில் கை வைக்கத் தோன்றியிருக்குமா? யார் குடிக்கிற தண்ணீர் என்பது தொட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிற மாதிரி கட்டிவைத்தது யார்?

பெயர் மாற்றம் நம்மைக் காப்பாற்றாது என்பதற்கு வேறு சாட்சியும் இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் மூன்று தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தியும் இடித்தும் போட்டார்கள். ஒன்று நத்தம் காலனி. இன்னொன்று கொண்டம்பட்டி. மூன்றாவதின் பெயர் அண்ணா நகர். நத்தத்தில் ஒரு பையன் வேற்றுசாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்ததற்கு அண்ணா நகரில் பீரோவை உடைத்தார்கள். பெட்ரோல் கேனோடு வந்தவர்கள் பெயர்ப்பலகையில் ‘காலனி’ இருக்கிறதா, ‘நகர்’ இருக்கிறதா என்று நின்று படிக்கவில்லை. எது ஊர், எது ஊரில்லை என்பது அவர்களுக்கு இருட்டிலும் தெரியும்.

2019-இல் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் பாலாற்றுப் பாலத்திலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழி வேறு ஆட்களின் நிலத்துக்குள் அடைபட்டிருந்தது. அதே வருசம் டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில், பக்கத்துப் பெரிய வீட்டைச் சுற்றி எழுப்பியிருந்த மதில் மழையில் சரிந்து காலனி வீடுகள்மேல் விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த பதினேழு பேர் செத்தார்கள். அந்த மதிலை விழுவதற்கு முன்னால் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். காலனிப் பக்கம் மதில் உயரமாக இருப்பது நம் நாட்டில் யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை.

இதெல்லாம் ஊர்நாட்டுச் சங்கதி, டவுனில் எவன் சாதி பார்க்கிறான் என்று சொல்கிறவர்கள் உண்டு. மாற்றலாகி வந்த டவுனில் நான் வீடு தேடினேன். மாடியில் ஒரு போர்ஷன். வீட்டுக்காரர் நல்ல மனுசர் மாதிரிதான் பேசினார். ‘தண்ணிக்குக் கஷ்டமே கெடயாது சார். வாத்தியாரு குடும்பம்னா எங்களுக்கும் சந்தோசம்’ என்றார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொந்த ஊர் கேட்டார். சொன்னேன்.

‘அட, நம்ம பக்கம்தான். அங்க எந்தத் தெரு சார்?’

‘தெருவுல இல்லைங்க. காலனி.’

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ‘வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு போன் பண்றேன் சார்’ என்றார். போன் வரவில்லை. ‘வீடு வாடகைக்கு’ பலகை மட்டும் ரெண்டு மாசம் அங்கேயே தொங்கியது. இப்போது காலனி என்ற சொல் சட்டப்படி போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்கிற கேள்வி போய்விடுமா? ‘எந்தத் தெரு?’ என்பார். ‘மல்லிகை நகர்’ என்பேன். ‘அது எந்தப் பக்கம் சார்? ஏரிக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?’ என்பார். திசை இருக்கிறவரைக்கும் அவருக்குச் சொல் தேவையில்லை.

நமக்குத் தாழ்வான பெயர் இருந்தால் அதை வைத்துத் திட்டுகிறார்கள். உயர்ந்த பெயர் வைத்தால் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறோம். 1997-இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அறிவித்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் மூண்டது. கடைசியில் அரசாங்கம் என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. நம் ஆள் ஒருத்தர் பெயர் பஸ்ஸில் ஏறக்கூடாது என்பதற்காக மற்ற எல்லாப் பெயரும் இறங்கத் தயாராக இருந்தன. மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்க 1978-இல் மகாராஷ்டிர சட்டமன்றம் தீர்மானம் போட்டதும் தலித் குடிசைகள் எரிந்தன. அந்தப் பெயர் பலகையில் ஏற 1994 வரை, பதினாறு வருசம் ஆயிற்று. சென்னையில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் ஒரு விழாச் சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரை விட்டுவிட்டு அச்சடித்தார்கள். அந்தப் பகை 2008 நவம்பர் 12 அன்று ரத்தத்தில் போய் முடிந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கிற அறிவாளிகளுக்கு இதுதான் பதில். அவர்களுக்கே அதில் எல்லாம் இருக்கிறது.

எங்கள் பக்கத்திலும் இது நடந்தது. ரோட்டிலிருந்து காலனிக்குத் திரும்புகிற முனையில் பையன்கள் வசூல் செய்து ‘அம்பேத்கர் நகர்’ என்று ஒரு பலகை வைத்தார்கள். ஒரு தடவை தார் பூசினார்கள். அழித்து மறுபடி எழுதினோம். இன்னொரு தடவை பலகையே காணோம். புகார் கொடுக்கப் போனால், ‘அனுமதி வாங்கிட்டா வச்சீங்க?’ என்று கேட்டார்கள். அந்த முனையில் சாதிச் சங்கங்களின் பலகை மூன்று இருக்கிறது. அவை யாரிடம் அனுமதி வாங்கின என்று நாங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை.

இப்போது பெயர் மாற்றும் ஆணை வந்த பிறகு கிராம சபையில் எங்களிடம் மாற்றுப் பெயர் கேட்டார்கள். பையன்கள் எழுந்து அதே அம்பேத்கர் நகர் என்றார்கள். ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், ‘எதுக்குப்பா வம்பு? பொதுவா ஒரு பேரு வச்சுக்குங்களேன். மல்லிகை நகர், ரோஜா நகர்னு அழகா இருக்குமே’ என்றார். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. அதுதான் எனக்கு யோசனையாக இருந்தது. அரசியல் சட்டத்தை எழுதியவர் பெயர் பொதுவில்லை, மல்லிகைப்பூ பொது. எங்கள் தெருக்காரக் கிழவி ஒருத்தி, எனக்கு ஆயா முறை, பின்னாலிருந்து எழுந்தாள். ‘பேர நீங்க எதனா வச்சிக்குங்க. மழக் காலத்துல பொணத்த எந்த வழியா தூக்கினு போறது? அத மொதல்ல எழுது வாத்தியாரே’ என்றாள். வரப்பின்மேல் நாலு பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு வழுக்கி வழுக்கிப் போனதைப் பார்த்தவள் அவள். அவள் புருசனையும் அப்படித்தான் தூக்கிப் போனோம்.

பெயரா, வழியா என்று இதை ஒரு சண்டையாக்கக் கூடாது. ரெண்டும் வேண்டும். பையன்கள் கேட்பது மானம், ஆயா கேட்பது பாதை. பூப்பெயர் வைத்தால் ரெண்டும் கிடைக்காது. பூப்பெயர் நம்மை ஒளித்துவைக்கத்தான் உதவும். ஒளிந்துகொள்வதற்கு நாம் என்ன திருடிவிட்டோம்? பெயர் வைத்தால், ஊர்க்காரன் கடிதத்திலும் பத்திரத்திலும் எழுதியே ஆக வேண்டிய, கண்டக்டர் ஸ்டாப் வந்ததும் கூவியே ஆக வேண்டிய பெயராக இருக்கட்டும். அம்பேத்கர், அயோத்திதாசர், ரெட்டைமலை சீனிவாசன், மீனாம்பாள் என்று நமக்குப் பெயருக்கா பஞ்சம்?

ஆனால் இதையெல்லாம் தாண்டி எனக்கு ஒன்று தோன்றுகிறது. நாம் இத்தனை வருசமாகத் தப்பான சொல்லைப் பிடித்துக்கொண்டு உலுக்குகிறோம். மாற வேண்டிய சொல் ‘காலனி’ இல்லை, ‘ஊர்’. எங்கள் பஞ்சாயத்தில் ‘ஊர்’ என்றால் சாதி இந்துக்கள் இருக்கிற தெருக்கள் மட்டும். ஊர்க் கூட்டம் என்றால் நாங்கள் இல்லாத கூட்டம். ஊர்ப் பொதுக் கிணறு என்றால் நாங்கள் இறங்க முடியாத கிணறு. ஊர்த் திருவிழா என்றால் எங்கள் தெரு முனைவரை வந்து திரும்பிப் போகிற தேர். ‘ஊரே திரண்டு வந்தது’ என்று பத்திரிகையில் போட்டால் அதில் எங்கள் தலை எண்ணப்படவில்லை என்று அர்த்தம். ஓட்டு எண்ணும்போதும் வரி வாங்கும்போதும் மட்டும் நாங்கள் அந்த ஊர். ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் எங்களை விடாதவரைக்கும், வெளியே நிற்கிற எங்களுக்கு ஏதாவது ஒரு பெயர் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

1924-இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் ரெட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் இதைத்தான் கேட்டது. பொதுச் சாலை, பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் எதுவாக இருந்தாலும் எந்தச் சாதிக்காரரும் அதைப் பயன்படுத்தலாம் என்று அரசாணையும் வந்தது. அவர் புதுப் பெயர் கேட்கவில்லை. ‘பொது’ என்ற சொல்லுக்குள் நம்மைச் சேர்க்கச் சொன்னார். நூறு வருசம் தாண்டிவிட்டது. சமத்துவபுரம் ஒரு நல்ல முயற்சிதான். 1990-களின் கடைசியில் தொடங்கி, நூறு வீட்டில் நாற்பது வீடு தலித்துகளுக்கு என்று கலந்து கொடுத்தார்கள். ஆனால் அதையும் ஊருக்கு வெளியே மூன்றாவது இடமாகத்தான் கட்டினார்கள். பழைய ஊர் அப்படியே இருந்தது, பழைய காலனியும் அப்படியே இருந்தது. ஊரைத் தொட எந்த அரசாங்கத்துக்கும் கை வரவில்லை.

ஆகவே தோழர்களுக்கு, குறிப்பாகக் கிராமத்திலிருந்து படிக்க வந்திருக்கிற மாணவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. பெயர்ப்பலகை மாறுகிற இந்த நேரத்தை விடாதீர்கள். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் பஞ்சாயத்தை வரையுங்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே, அதிலிருந்து குழாய் எந்தெந்தத் தெருவுக்குப் போகிறது, ரேஷன் கடை எங்கே, சுடுகாடு எத்தனை, போகிற வழி யார் நிலத்தில் இருக்கிறது, தார் ரோடு எந்த இடத்தோடு நிற்கிறது, புதிதாகக் கொடுத்த மனைகள் எந்தத் திசையில் என்று குறியுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறது. அந்தப் படத்தை அங்கே எடுத்துப்போய் வையுங்கள். ஒரே தொட்டி, ஒரே சுடுகாடு, அதற்கு ஒரு வழி, இனிமேல் கொடுக்கிற மனை ஊருக்குள்ளே என்று நாலு தீர்மானம் கேளுங்கள். நிறைவேற்ற மாட்டேன் என்றால், ‘மாட்டோம்’ என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத அவர்களுக்குக் கை வராது. அங்கிருந்து வழக்குக்குப் போகலாம், மறியலுக்குப் போகலாம், பத்திரிகைக்குப் போகலாம்.

எங்கள் பஞ்சாயத்துப் படத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் வரைந்து முடித்துவிட்டார்கள். சுடுகாட்டு வழியைச் சிவப்பு மையில் போட்டிருக்கிறார்கள். ஆயா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, வரப்பு உடைந்திருக்கிற இடம் ரெண்டு விட்டுப்போச்சு என்று விரலால் காட்டினாள். அதையும் குறித்துக்கொண்டோம்.